தாத்தா கைதியாக வந்தாரா, கூலியாக வந்தாரா?

வாசகர் கேள்வி – பதில்

மொரீஷியஸுக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்ட முன்னோரை எங்கே, எப்படித் தேடுவது என்று பல ஊர்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஏழு கேள்விகளாகத் தருகிறோம்.

எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அப்பா சென்னையிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட கைதி என்று வீட்டில் சொல்வார்கள். எண் எழுதிய அவருடைய படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. கிராண்ட் ரிவரில் அடைத்து வைத்திருந்தார்களாம். கைதிகள் பதிவேட்டில் அவரைத் தேட என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, ரோஸ் ஹில்

பதிவேட்டைத் தேடிப் போவதற்கு முன் அந்தப் படத்தை எடுத்து இன்னொரு முறை பாருங்கள் அம்மா. மொரீஷியஸுக்கு இந்தியக் கைதிகள் வந்தது 1815 முதல் 1837 வரைதான். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். கடைசிக் கப்பலில் இருபது வயதில் வந்த ஒருவர் 1860களின் முடிவில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஐம்பதைத் தாண்டியிருப்பார். படத்தில் இருப்பவர் கறுத்த மீசையும் இறுகிய தோளுமாக இருக்கிறாரா? அப்படியானால் அவர் கைதியாக வந்தவர் அல்ல.

அடுத்து, தலைமுறைக் கணக்கு. நீங்கள் 1960ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று வையுங்கள். தலைமுறைக்கு 28 வருடம் என்று நான்கு தலைமுறை பின்னால் போனால் 1848 வருகிறது. 35 வருடம் என்று தாராளமாகப் போட்டாலும் 1820தான். 1837இல் அவருக்குப் பதினேழு வயது. கணக்கு இடிக்கிறது. கைதிக் காலத்தைத் தொட வேண்டுமென்றால் பொதுவாக ஆறு தலைமுறை, சில வீடுகளில் ஏழு தலைமுறை பின்னால் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். மொரீஷியஸுக்கு வந்த சுமார் 1,500 கைதிகளை அனுப்பியவை வங்காள மாகாணமும் பம்பாய் மாகாணமும். இலங்கையிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவில் சிலர் வந்தார்கள். சென்னை மாகாணம் தன் கைதிகளைக் கிழக்கே, பினாங்குப் பக்கம் அனுப்பியது. கல்கத்தாவில் பிழைக்கப் போன தமிழர் ஒருவர் அங்கே தண்டனை பெற்று இங்கே வந்திருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் “சென்னையிலிருந்து கைதியாக மொரீஷியஸுக்கு” என்று ஒரு தமிழ்க் குடும்பம் சொன்னால், முதலில் சந்தேகப்படுவதே முறை.

அப்படியென்றால் வீட்டுக் கதை பொய்யா? பொய் அல்ல, பெயர் மாறிப்போயிருக்கிறது. 1867ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இருந்த இந்தியர்கள் படம் ஒட்டிய டிக்கெட்டையும் போலீஸ் பாஸையும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘நாடோடி’ என்று பிடித்துக் கிராண்ட் ரிவரில் இருந்த நாடோடிகள் காப்பகத்தில் அடைப்பார்கள். ஒப்பந்தத்தில் இருந்தவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. இந்தக் கொடுமைகளை எதிர்த்துத்தான் 1871இல் தோட்ட நிர்வாகியான அடால்ஃப் த பிளெவிட்ஸ் மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டினார். ராஜரத்தினம் முதலியார் அவருக்குத் துணை நின்றார். மறுவருடம் அரச விசாரணைக் குழுவே வந்தது. எண், படம், கிராண்ட் ரிவர், அடைப்பு என்று உங்கள் வீட்டில் சொல்லப்படும் நான்கும் இந்தச் சட்டத்துக்குப் பொருந்துகின்றன. உங்கள் முன்னோர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியாக வந்து, டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்.

ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் இந்தியக் குடியேற்ற ஆவணப் பிரிவு. வெறும் பெயரோடு போகாதீர்கள். உங்கள் பிறப்புச் சான்றில் தொடங்கி பெற்றோர் திருமணம், தாத்தா பிறப்பு, அவருடைய பெற்றோர் திருமணம் என்று குடியியல் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு படியாக எடுத்துக்கொண்டே போங்கள். பழைய இந்தியர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் குடியேற்ற எண், அதாவது வந்து இறங்கியபோது ஒவ்வொருவருக்கும் தந்த எண், எழுதியிருப்பது வழக்கம். அந்த எண் கிடைத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. உங்களுக்குப் படத்திலேயே எண் இருப்பது அதிர்ஷ்டம். ஆனாலும் சான்றுகளில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கிப்போன 1ஐ 7 என்றும், 3ஐ 8 என்றும் படித்து, வேறு யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது. சரிபார்க்க ஒரு வழி: அந்த எண்ணுக்குரிய கப்பல் வந்த தேதி, அவருடைய முதல் குழந்தை இங்கே பிறந்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பதிவேட்டில் அவருடைய பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, கப்பல், வந்த தேதி, எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பவை இருக்கும். ஓரத்தில் எழுதிய குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். இறந்தது, ஊர் திரும்பியது எல்லாம் அங்கேதான் இருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவரைப் புதிதாக வந்தவராகப் பதிந்திருந்தால் அவருக்கு இரண்டு எண் இருக்கும். ஆளே இரண்டு என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைக் கப்பல் என்றாலே தமிழர் என்றும் முடிவு கட்டாதீர்கள். விசாகப்பட்டினம், கஞ்சம், கோதாவரி ஜில்லாக்காரர்களும் சென்னை மாகாணத்தார்தான்.

பெயரை வைத்துத் தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை. எங்கள் குடும்பப் பெயர் அந்தக் காலத்தில் இல்லவே இல்லையா?
– வாசகர், கத்ர் போர்ன்

இல்லாமலும் இருந்திருக்கலாம். வந்தவருக்கு ஒரே பெயர். அவர் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராயிற்று. மகன் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராயிற்று. இப்படி ஓரிரு தலைமுறை மாறிய பிறகுதான் ஏதோ ஒரு பெயர் நிலைத்தது. இன்று நீங்கள் போட்டுக்கொள்ளும் பெயர் கப்பலில் வந்தவருடையது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. பிரெஞ்சுக் காதுள்ள குமாஸ்தா ‘உ’ ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார். ஆங்கிலக் காதுள்ளவர் அதே ஒலிக்கு இரண்டு ஓ போடுவார். முத்து ஒரு பக்கம் ‘மூத்தூ’ போலவும் இன்னொரு பக்கம் ‘மவுத்து’ போலவும் தோன்றுவது அதனால்தான். ஆறுமுகம் ‘அர்மூகம்’ ஆனார். வீரப்பன் ‘வீராப்பேன்’ ஆனார். கருப்பன், குப்பன் முதலிய பெயர்கள் சியில் தொடங்குமா, கேயில் தொடங்குமா என்பது குமாஸ்தாவின் அன்றைய மனநிலை. ஒரு தாளில் உங்கள் முன்னோர் பெயரை எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் வாயால் சொல்லி, அவர் கேட்டபடி எழுதச் சொல்லுங்கள். நான்கைந்து பேரிடம் இப்படி வாங்கினால் தேட வேண்டிய வடிவங்கள் கையில் இருக்கும். பாதிப் பெயரை மட்டும் போட்டுத் தேடுவதும் நல்லது. பின்பாதிதான் அதிகம் சிதைந்திருக்கும்.

1838இல் இறந்த ஒருவர் பதிவில் ‘மலபார்’ என்று இருக்கிறது. எங்கள் வேர் கேரளமா?
– வாசகி, வக்வா

அந்தச் சொல்லை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பழைய பிரெஞ்சு ஆவணங்களில் ‘மலபார்’ பெரும்பாலும் இந்தியர் என்பதற்கான பொதுப் பெயர். பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழரையும் அப்படித்தான் எழுதினார்கள். போர்ட் லூயிஸில் ‘மலபார் முகாம்’ என்று பகுதியே இருந்தது. இதே சொல் ரெயூனியனில் இன்றும் தமிழரைக் குறிக்கிறது; இங்கே கிரியோலில் வட இந்திய இந்துக்களைக் குறிக்கப் போய், நம்மவர்களுக்கு ‘மத்ராஸ்’ என்ற பெயர் வந்தது. ‘லஸ்கர்’ என்ற சொல்லிலும் இதே வழுக்கல் உண்டு: முதலில் கப்பலோட்டி, பிறகு முஸ்லிம்.

எங்கள் குடும்பத்து 1846ஆம் வருடத் திருமணப் பதிவில் மணமகளின் தந்தை ‘இந்தியக் கைதி’ என்றே எழுதியிருக்கிறது. ஒற்றைப் பெயர்தான். தாய் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இதற்கு மேல் போக வழி உண்டா?
– வாசகர், மகேபூர்

உங்களுடையது உண்மையான கைதி வழி. 1846இல் கைதிக் குடியிருப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது, 1853இல்தான் மூடினார்கள். ஆகவே அந்தச் சொல்லை வம்புப் பேச்சாக எழுதியிருக்க மாட்டார்கள், ஆளின் அன்றைய நிலையையே எழுதியிருப்பார்கள்.

ஆனால் தேடலைத் தந்தையிடம் தொடங்காதீர்கள், தாயிடம் தொடங்குங்கள். காரணம் எளிது. கைதிகளில் பெண்கள் மிக மிகக் குறைவு. ஆண்கள் இங்கிருந்த அடிமைப் பெண்களோடும் விடுதலை பெற்ற பெண்களோடும் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தாய் பெயரிலேயே பதிவானார்கள். 1846இல் மணமகள் என்றால் அந்தப் பெண் 1830 வாக்கில் அல்லது அதற்கும் முன்னால் பிறந்திருக்க வேண்டும். மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்தது 1835 பிப்ரவரி 1. பிறந்தபோது தாய் அடிமை என்றால் மகளும் அடிமைதான். அப்படியானால் இருவர் பெயரும் அடிமைப் பதிவேட்டில் இருக்கும். 1817இல் தொடங்கிய அந்தப் பதிவேடுகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டன. மூலம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டி (T) 71 என்ற வரிசையில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். தாயின் எஜமானர் யார், எந்த மாவட்டம் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் சாலை போட்ட கைதிக் கூட்டம் எது என்று தேட ஒரு திசை கிடைக்கும். கைதிகள் அரசாங்கப் பொதுப்பணிக்கு உரியவர்கள். சாலை, பாலம் என்று தீவெங்கும் பிரித்து நிறுத்தப்பட்டார்கள். 1836இல் இங்கே இறங்கிய டார்வின், அப்போது சுமார் 800 கைதிகள் இருந்ததாகக் குறித்திருக்கிறார்.

பிறகு நமது தேசிய ஆவணக் காப்பகம். கோரோமாண்டலில் இருக்கிறது. சோழமண்டலம்தான் அப்படித் திரிந்தது என்பது தமிழருக்குச் சின்ன ஆறுதல். ஆர்.ஏ. வரிசை என்பது காலனிச் செயலாளருக்கு வந்த கடிதங்கள். அதில் கைதிகள் துறை அனுப்பிய கடிதக் கட்டுகளைக் கேளுங்கள். கைதிகள் பட்டியல், வேலைப் பங்கீடு, மருத்துவமனை, தண்டனை, மனு எல்லாம் கலந்து வரும். போகும் முன் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கட்டு பார்க்கக் கொடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வெப்பமும் ஈரமும் பல தாள்களை உடையும் பதத்தில் வைத்திருக்கின்றன.

அங்கே பெயரை மட்டும் தேடினால் ஏமாற்றம்தான். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எந்தக் கப்பல், எந்த மாகாணம், எந்த ஜில்லாவில் எந்தத் தேதியில் தீர்ப்பு என்பவையே ஆளைப் பிரித்துக் காட்டும். கப்பலோடு அனுப்பிய பட்டியலில் பெயர், வயது, உயரம், சாதி, குற்றம், தண்டனைக் காலம், உடல் அடையாளம் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். ஏற்றிய பட்டியல், இறக்கிய பட்டியல் இரண்டும் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். வழியில் இறந்தவர் முதல் பட்டியலில் மட்டும் இருப்பார்.

உடல் அடையாளம் என்ற பகுதியை ஊன்றிப் படியுங்கள். வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். ‘கோத்னா’ என்று பெயர். சென்னை மாகாணத்திலும் அது இருந்தது. பம்பாயில் இல்லை. 1849இல்தான் சட்டப்படி நிறுத்தினார்கள். ஆகவே, மாகாணத்தின் பெயர் அழிந்துபோன தாளில் நெற்றிக் குறி பேசப்பட்டால், மொரீஷியஸைப் பொறுத்தவரை அது வங்காளத்துக் கைதி என்று எடுத்துக்கொள்ளலாம். குறி இல்லை என்பதால் மட்டும் பம்பாய் என்று முடிவு கட்ட முடியாது. குறைந்த காலத் தண்டனை பெற்றவராகவும் இருக்கலாம்.

மாகாணமும் தேதியும் தெரிந்த பிறகுதான் கடல் தாண்டித் தேட வேண்டும். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் ‘பி’ (P) வரிசை என்பது மாகாண அரசுகளின் நடவடிக்கைக் குறிப்புகள். வங்காளத்துக்கு நீதித்துறைக் குற்றவியல் பகுதி, பம்பாய்க்கு நீதித்துறைப் பகுதி. அவற்றுக்கான அகராதித் தொகுதிகள், அதாவது தலைப்பு அட்டவணைகள், ‘இசட்/பி’ (Z/P) என்ற வரிசையில் தனியாக இருக்கின்றன. அகராதியில் கைதியின் பெயரைத் தேடுவது வீண் வேலை. மொரீஷியஸ், கைதிகள், நாடு கடத்தல் என்ற தலைப்புகளில் அந்த ஆண்டைப் பாருங்கள். தொகுதி எண், கூட்டம் நடந்த தேதி, குறிப்பின் எண் மூன்றையும் குறித்துக்கொண்டு அதன் பிறகு நகல் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கக் கணக்கில் பணம் கரையும். இதே குறிப்புகளின் இந்தியப் பிரதிகளைக் கொல்கத்தாவில் மேற்கு வங்க மாநில ஆவணக் காப்பகத்திலும் மும்பையில் மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். ஒரு ஊர்ப் பிரதி செல்லரித்திருந்தால் மற்ற ஊர்ப் பிரதி கைகொடுக்கும். மொரீஷியஸ் ஆளுநர் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூவில் சி.ஓ. 167.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தீர்ப்புத் தேதிக்கும் கப்பலேறிய தேதிக்கும் நடுவே பல மாதம், சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி இருக்கும். வங்காளத்தார் அலிப்பூர் சிறையிலும் பம்பாய்க்காரர்கள் தாணா சிறையிலும் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கப்பல் வந்த ஆண்டில் மட்டும் தீர்ப்பைத் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு பின்னால் போங்கள். மற்றொன்று, வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்களின் மொழி 1837 வரை பாரசீகம். லண்டன் தொகுதிகளில் இருப்பது ஆங்கிலச் சுருக்கம். கைதி தன் வாயால் சொன்னதை அதில் எதிர்பார்க்க வேண்டாம். ‘டெகாய்டி’ என்று ஒரே சொல்லில் குற்றம் முடிந்துவிடும். கூட்டுக் கொள்ளை என்று பொருள். கூட்டத்தில் அவர் என்ன செய்தார் என்பது அந்த ஒரு சொல்லில் இல்லை. அதை வைத்து முன்னோரைக் கொலைகாரராகவோ தியாகியாகவோ ஆக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது எங்கள் கருத்து.

பிரெஞ்சுப் பதிவுகளைப் படிக்கச் சில சொற்கள்: ‘கொந்தானே’, ‘ஃபோர்சா’ என்றால் கைதி. ‘பேர் அங்கோன்யூ’ என்றால் தந்தை பெயர் தெரியாது. ‘ஃபீய் நாத்யுரேல்’ என்றால் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். இது பழிச்சொல் அல்ல. கோயிலில் தாலி கட்டியவர்களின் பிள்ளைகளையும் சட்டம் இப்படித்தான் எழுதியது. ஆண்டு எண்ணால் இல்லாமல் எழுத்தால் இருக்கும்: ‘மில் ஊயி சான்’ என்றால் ஆயிரத்து எண்ணூறு, அதற்குப் பின் வருவதை மட்டும் நிதானமாகப் படித்தால் போதும்.

ஒற்றைப் பெயர் சிங்களமாகவோ யாழ்ப்பாணத் தமிழாகவோ தோன்றினால் இலங்கைப் பக்கம் பாருங்கள். கியூவில் இலங்கைக் கடிதங்கள் சி.ஓ. 54. ஆனால் கண்டிப் பிரதானி எகலப்பொலையைப் போல அரசியல் காரணத்துக்காக இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள் வேறு கணக்கு. அவர்களைக் கைதிகள் துறைக் கட்டில் தேட வேண்டாம்.

எங்கள் முன்னோரின் தம்பி ஒப்பந்தத்தில் வந்து, 1840களில் ஒரு வழக்கில் மாட்டி ‘சிட்னிக்கு’ அனுப்பப்பட்டார் என்கிறார்கள். மொரீஷியஸிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்களா?
– வாசகர், ஃபிளாக்

அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து கைதிகளை வாங்கிக்கொண்டே, தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதி செய்த தீவு இது. கான்ஸ்டான்ஸ், எலிசபெத் என்ற இரண்டு அடிமைச் சிறுமிகளைக்கூட எஜமானிக்கு விஷம் வைக்க முயன்றதாகச் சொல்லி 1834இல் சிட்னிக்கு அனுப்பினார்கள். பின்னால் ஒப்பந்தக் கூலிகளும் போனார்கள்.

‘சிட்னி’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் 1840இல் கைதிகளை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. 1840கள் என்றால் வான் டீமன்ஸ் லாண்ட், அதாவது இன்றைய டாஸ்மேனியாவை முதலில் பாருங்கள். அதன் ஆவணங்கள் இணையத்தில் இலவசம், படங்களாகவே பார்க்கலாம். பொதுவாக எல்லோரும் கான் (CON) 33 என்ற நடத்தைப் பதிவேட்டைத் திறந்து, பெயர் இல்லை என்று விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கைதிக் கப்பல்களில் வந்த ஆண்களுக்கானது. நம்மவர்கள் வந்தது சாதாரண வணிகக் கப்பலில். அப்படி வந்தவர்களுக்கான நடத்தைப் பதிவேடு கான் 37. வேறு காலனிகளிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் வரவுப் பட்டியல் கான் 16. இந்த இரண்டையும் பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது. 1840க்கு முந்தையவர் என்றால் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தில் வரவுப் பட்டியல், நன்னடத்தை அனுமதிச் சீட்டு, விடுதலைச் சான்று என்ற வரிசையில் தேடுங்கள்.

பெயரைவிட ‘தண்டனை பெற்ற இடம்: மொரீஷியஸ்’ என்பதை வைத்துச் சலிப்பது நல்லது, அந்தப் பட்டியல் ஒரே மூச்சில் படித்துவிடும் அளவுதான். ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் மெட்ராஸ், பாண்டிச்சேரி, மலபார் என்று எதுவும் இருக்கலாம். ஆள் கிடைத்தால் தண்டனைத் தேதியை எடுத்துக்கொண்டு இங்கே திரும்பி வந்து, அவருடைய குடியேற்ற எண்ணை மோக்காவில் தேடுங்கள். அண்ணன் தம்பி ஒரே கப்பலில் வந்திருந்தால் எண்கள் பெரும்பாலும் அருகருகே இருக்கும். உறவை நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சி அரிது.

தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர்கள், தங்கள் பாட்டனார் வழியில் ஒருவர் ‘தீவாந்திரம்’ போனார், அது மொரீஷியஸ்தானே என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, குரேப்பிப்

எந்த ஆண்டு என்று அவர்களையே திருப்பிக் கேளுங்கள். தீவாந்திரம் ஒரே இடம் அல்ல. சென்னை மாகாணக் கைதி என்றால் 1825க்கு முன் சுமத்ராவில் உள்ள பென்கூலன் அல்லது பினாங்கு. 1801 பாளையக்காரர் போருக்குப் பிறகு, 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றியது பினாங்குக்குத்தான். 1825இல் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதும் அங்கிருந்த கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றினார்கள். 1826இல் யந்தபோ உடன்படிக்கையால் பர்மாவின் தெனாசரிம் கரை கம்பெனி வசமான பின் மௌல்மேன், தவாய், மெர்கி. 1858 முதல் அந்தமான். சிங்கப்பூர், பினாங்குப் பக்கம் மிச்சமிருந்தவர்களை 1873இல் அந்தமானுக்கே கொண்டுபோனார்கள்; ஆகவே ஒரே ஆள் இரண்டு இடத்துப் பதிவிலும் இருக்கலாம்.

தேட வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்; நீதித்துறைத் தொகுதிகள். ஜில்லா, தீர்ப்பு ஆண்டு இரண்டும் இல்லாமல் போனால் பகல் முழுவதும் அகராதியைப் புரட்டிவிட்டு வர வேண்டியதுதான். அதே தொகுதிகளின் பிரதி லண்டன் ‘பி’ வரிசையிலும் உண்டு.

ஊரில் ‘தீவுக்குப் போனான்’ என்றால் குற்றம் செய்துதான் போனான் என்று பொருள் இல்லை. 1834க்குப் பிறகு ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கப்பலேறிய மகனையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே கைதிப் பதிவில் இல்லாவிட்டால், மோக்காவில் தஞ்சாவூர் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று தேடிப் பார்க்கலாம்.

மரபணுச் சோதனை செய்தால் இதெல்லாம் தெரியாதா?
– இரண்டு வாசகர்கள், போர்ட் லூயிஸ்

ஆறு தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 64இல் ஒரு பங்கு. இந்தியக் கலப்பு இருக்கிறதா என்று ஓரளவு சொல்லும். கைதியா கூலியா, வங்காளமா பம்பாயா என்று சொல்லாது. தூரத்து உறவினர் ஒருவரும் சோதனை செய்து, அவரிடம் காகிதமும் இருந்தால் பயன் உண்டு. தந்தைவழிச் சோதனை மகனுக்கு மகன் என்று அறுபடாமல் வந்த வழிக்கு மட்டுமே பொருந்தும். மகேபூர் வாசகரைப் போலக் கைதியின் மகள் வழியில் வந்தவர்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.